வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்களின் கணக்கு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்று அறிவித்த அந்தப் பதிவை நண்பர்கள் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். அதன் கீழே நான் எழுதிய மறுப்பையும், அதற்காக என்னை முதலாளிகளின் ஆள் என்று ஏசியவர்களையும் பார்த்திருப்பீர்கள். நட்டம் இருக்கிறது என்பதையே மீண்டும் சொல்கிறேன். அதைச் சுமப்பவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யவே முடியாதவர்கள்.

அலுவலகம் வருவோரை நம்பி நடந்த பிரெட் எ மாஞ்சே என்ற சாண்ட்விச், காப்பிக் கடை நிறுவனம், கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், பிரிட்டனில் 30 கடைகளை மூடுவதாக அறிவித்தது. பெரிய நிறுவனம் வேறு இடத்தில் கடை திறந்து பிழைத்துக்கொள்ளும். ஒரே கடையை வைத்திருப்பவர் எங்கே போவார்? வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் என்றான பிறகு, பல நகரங்களில் செவ்வாய் முதல் வியாழன் வரை கூட்டம் வருகிறது, திங்களும் வெள்ளியும் வெறிச்சோடுகின்றன. வாடகை மட்டும் எல்லா நாளுக்கும் சேர்த்தே கேட்கப்படுகிறது. ஒப்பந்தமோ பல ஆண்டுகளுக்குப் போட்டது. குறைக்கக்கூடியதாகக் கடைக்காரர் கையில் மிஞ்சுவது உதவியாளரின் வேலைநாள்தான். முதலில் அதுவே குறைகிறது.

பணம் புறநகர்க் கடைகளுக்குத்தானே போகிறது என்கிறார்கள். உண்மைதான். அமெரிக்கப் பெருநகரங்களில் மக்களும் தொழில்களும் மையத்தை விட்டு வெளிவட்டத்துக்கு நகர்ந்ததை பொருளாதார ஆய்வாளர்கள் அர்ஜுன் ராமனியும் நிக்கோலஸ் புளூமும் 2021இல் ஆராய்ந்து, நடுவில் ஓட்டையுள்ள டோனட் பண்டத்தை வைத்து 'டோனட் விளைவு' என்று பெயரிட்டார்கள். ஆனால் இப்போது ஆளில்லாமல் போன அலுவலகத் தளத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த வெளிவட்டத்தில் என்ன வேலை காத்திருக்கிறது?

என் அம்மா அலுவலகத் தளங்களைத் துடைத்த கூலியில்தான் நாங்கள் படித்தோம். தளங்கள் காலியானதும் ஒப்பந்ததாரர் அவருடைய வேலைநாட்களைக் குறைத்தார். பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு கடிதம்கூடத் தரவில்லை. அதே கட்டடத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சம்பளம் குறையவில்லை. பயணச் செலவும் மிச்சமானது. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. யாருக்கும் நட்டமில்லை என்று எழுதும்போது என் அம்மாவை ஆளாகவே எண்ணவில்லையே என்பதுதான் வலிக்கிறது.

அப்படியானால் எல்லோரையும் அலுவலகத்துக்கு இழுத்துவரச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் குறையவில்லை, வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர் என்று 2024இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. குழந்தை வளர்ப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பறிக்க நான் கேட்கவில்லை.

காலி அலுவலகங்களை வீடுகளாக்கினால் போதும் என்கிறவர்கள், அகலமான தளங்களின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது என்பதையும், ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாகக் குழாய் இழுக்க வேண்டும் என்பதையும் யோசிக்கட்டும். செய்யலாம், செலவும் காலமும் பிடிக்கும். அதுவரை கடைக்காரரும் அவருடைய உதவியாளரும் எதைக் கொண்டு வாழ்வார்கள்?

மாற்றம் வந்தால் சிலருடைய பிழைப்பு போகத்தான் செய்யும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் 'சிலர்' எப்போதும் ஏன் எங்கள் வீட்டு ஆட்களாகவே இருக்க வேண்டும்? அலுவலகத்தைச் சுருக்கி நிறுவனங்கள் மிச்சம்பிடித்த வாடகையில் ஒரு பங்கு, அங்கே ஒப்பந்தத்தில் துப்புரவு செய்தவர்களுக்கும் காவல் நின்றவர்களுக்கும் இழப்பீடாகப் போக வேண்டும். கட்டட உரிமையாளர்கள் சிறு கடைகளின் வாடகையை விற்பனைக்கு ஏற்ப நிர்ணயிக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதில் எது அநியாயம் என்று எனக்குப் பதில் எழுதுங்கள்.