மின்னும் விளக்கு மட்டும் எழுப்பாது

'செவித்திறன் குறைந்தவர் அறையில் மின்னும் விளக்குள்ள புகை எச்சரிக்கைக் கருவியை மாட்டினால் போதும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விழித்திருப்பவருக்கு அது சரி. தூங்குபவருக்கு இது ஆபத்தான அறிவுரை.

2007இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செவித்திறன் குறைந்தவர்களைத் தூங்கவைத்துச் சோதித்தார்கள். மின்னும் விளக்கு எழுப்பியது ஏறக்குறைய 27 சதவீதத்தினரை மட்டுமே. வழக்கமான கருவியின் கீச்சொலியும் (சுமார் 3100 ஹெர்ட்ஸ்) பலரை எழுப்பவில்லை. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது உயர் சுருதி ஒலிகள்தாம். அதோடு கேட்கும் கருவியை இரவில் கழற்றிவைத்துவிடுவார்கள். 520 ஹெர்ட்ஸ் தாழ் சுருதி ஒலியோ பத்தில் ஒன்பது பேரை எழுப்பியது. படுக்கையை அதிரவைக்கும் கருவியும் ஐந்தில் நான்கு பேரை எழுப்பியது.

அறவே கேட்காதவருக்குத் தாழ் சுருதியும் உதவாது. அவருக்கு அதிர்வுக் கருவிதான் வேண்டும். அது புகைக் கருவியோடு இணைந்திருக்க வேண்டும், மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓட வேண்டும். தயவுசெய்து விளக்கை மட்டும் நம்பி உங்கள் பெற்றோரைத் தனி அறையில் தூங்கவிடாதீர்கள்.