இருக்குறதுலயே சின்ன துப்பாக்கி வேண்டாம்

டெக்சாஸ்ல இருக்குற நம்மாளுங்க துப்பாக்கி வாங்குறத பத்தி என்கிட்ட பேச ஆரம்பிச்சா முதல் கேள்வியே "இருக்குறதுலயே சின்னது எது, சட்டைக்குள்ள வச்சா வெளிய தெரியக்கூடாது"ங்கறதுதான். இந்த இடத்துலதான் தப்பு ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன். சில வருஷமா தினமும் இடுப்புல வச்சுக்கிட்டு நடமாடுறவன்ங்கற முறையில சொல்றேன், சின்னதுலயே சின்னது வாங்குனவங்கள்ல முக்காவாசி பேர் அதை ஒழுங்கா சுடவும் கத்துக்கல, ஒழுங்கா வச்சுக்கவும் இல்ல, கடைசில அது கார் டேஷ்போர்டுக்குள்ளதான் கிடக்கு. பதிவு நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

அதுக்கு முன்னாடி சட்டம், ஏன்னா இதுல நம்மாளுங்களுக்கு பெரிய குழப்பம் இருக்கு. எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு. முறையான ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, ஆனா "ஃப்ரெண்டோட துப்பாக்கிதானே, ரேஞ்சுல சும்மா நாலு ரவுண்டு சுட்டுப் பாக்குறேன்"னு கையில எடுக்குறதுகூட அந்தத் தடைக்குள்ள வரும், மாட்டுனா விசாவோட சேர்த்து எல்லாம் போயிடும். க்ரீன் கார்டு வந்தவங்க வாங்கலாம், கடையில 4473 ஃபார்ம் நிரப்பி பின்னணி சோதனை முடிஞ்சா கையில குடுத்துருவாங்க. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1-லேர்ந்து 21 வயசுக்கு மேல தகுதி உள்ளவங்க லைசன்ஸ் இல்லாமலே மறைச்சு எடுத்துட்டுப் போலாம். ஆனாலும் லைசன்ஸ் எடுங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. ஸ்கூல்லேர்ந்து ஆயிரம் அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு, அதுல மாநில லைசன்ஸ் வச்சிருக்குறவங்களுக்கு விலக்கு உண்டு, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அப்பா அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்ல. வேற மாநிலத்துக்கு ரோட் ட்ரிப் போறப்பவும் லைசன்ஸ் உதவும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 2018-க்கு முன்னாடி மறைச்சு வைக்கணும்னா ரெண்டே வழிதான். ஒண்ணு க்ளாக் 19 மாதிரி தடிமனா 15 ரவுண்டு, அதாவது 15 தோட்டா பிடிக்கிறது, இல்லன்னா 2012-ல வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு மாதிரி ஒல்லியா ஏழு எட்டு ரவுண்டு பிடிக்கிறது. 2018-ல சிக் சாவர் பி365-ஐ கொண்டு வந்தாங்க, ஒரு இஞ்ச் தடிமன்ல, பிடிக்குள்ள சொருகுற 10 ரவுண்டு மேகஸின், அரை கிலோ எடை, அதோட மார்க்கெட்டே தலைகீழா மாறிடுச்சு. ஆரம்ப மாசத்துல வந்த சில பி365-ல ஸ்ட்ரைக்கர், அதாவது தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி உடையுற பிரச்சினை இருந்துச்சு, அப்புறம் சரி பண்ணிட்டாங்க. அடுத்த வருஷமே ஸ்ப்ரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 ரவுண்டோட, க்ளாக் 43எக்ஸ் 10 ரவுண்டோட வந்துச்சு, 2021-ல ஷீல்டு ப்ளஸ். இப்ப கடைக்குப் போனா கண்ணாடிக்கு உள்ள வரிசையா எல்லாமே உள்ளங்கை சைஸ்லதான் இருக்கு, பாக்குறப்ப எல்லாமே அழகாத்தான் தெரியும்.

அங்கதான் ஆளுங்க ஏமாறுறாங்க. கடையில கையில எடுத்துப் பாக்குறப்ப வெயிட் கம்மி, ஆஹான்னு இருக்கும். ஆனா உள்ள இருக்குறது பெரிய துப்பாக்கியில போடுற அதே 9எம்எம் தோட்டாதான், வெடிக்கிற வேகமும் கிட்டத்தட்ட அதேதான். துப்பாக்கி லேசா இருக்க இருக்க அந்த உதை முழுசும் உங்க மணிக்கட்டுக்குத்தான் வரும். பிடி குட்டையா இருக்குறதால சுண்டு விரலுக்கு இடமே இல்ல, அது கீழ காத்துல தொங்கும், ரெண்டு விரல்லதான் மொத்த பிடியும் நிக்கணும். ரெண்டாவது ரவுண்டு சுடுறதுக்குள்ள கை மேல ஏறி பிடி நழுவிடும், திரும்ப சரி பண்ணி குறி பாத்து சுடுறதுக்குள்ள நேரம் போயிடும். குறி பாக்குற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல தூரமும் கம்மி, அதனால குறியில நூலளவு தப்புனா ஏழு கஜத்துல அது கையளவு தப்பா போய் நிக்கும். மணிக்கட்டு தளர்வா இருந்தா, சுடும்போது மேல முன்னும் பின்னும் நகர்ற ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம காலி ஷெல் வாய்லயே மாட்டிக்கும், ஆளு துப்பாக்கி சரியில்லன்னு நினைச்சுக்குவாரு, உண்மையில பிடிதான் சரியில்ல. 9எம்எம்மைவிட பலம் கம்மியான .380 தோட்டாவுல வர்ற ரூகர் எல்சிபி இன்னும் குட்டி, கால் கிலோவுக்கு கொஞ்சம் மேல, பேன்ட் பாக்கெட்டுல போட்டா இருக்குறதே தெரியாது. ஆனா அதுல தொடர்ந்து ஒரு டப்பா சுட்டுப் பாருங்க, கட்டை விரல் இடுக்குல சிவந்துடும், யாருக்கும் ரெண்டாவது டப்பா திறக்க மனசு வராது. பயிற்சி பண்ணவே மனசு வராத துப்பாக்கிய நம்பி உயிர எப்படி வைக்கிறது?

அதனாலதான் நான் இந்த குட்டி துப்பாக்கியெல்லாம் கைதேர்ந்தவங்களுக்குன்னு சொல்றேன், புதுசா வர்றவங்களுக்கு இல்ல. புதுசா வாங்குறவங்க மூணு விரலும் முழுசா பிடிக்கிற மாதிரி எடுங்க. க்ளாக் 19 1988-லேர்ந்து வருது, இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்லங்கறது என் அபிப்பிராயம். மேகஸின் இல்லாம 600 கிராம் பக்கம், நிரப்புன மேகஸினோட 850 கிராம் வரும், கனம்தான், ஆனா அந்தக் கனம்தான் உதைய வாங்கிக்குது. ஒல்லியான உடம்புன்னா 43எக்ஸ், இல்லன்னா பி365-லயே நீளமான பிடியோட வர்ற எக்ஸ்எல், இது ரெண்டும் நடுவாந்திரம். நான் இப்ப தினமும் வைக்கிறது 43எக்ஸ். இடுப்புல துருத்திக்கிட்டு தெரியுறது பிடியோட அடிப்பகுதிதானே தவிர குழாய் நீளம் இல்ல, குழாய் பேன்டுக்கு உள்ளதான் போகுது, அதனால குழாய் குட்டையா இருக்குறதுல மறைக்கிற விஷயத்துல பெரிய லாபம் எதுவும் இல்ல. இதை யாரும் கடையில சொல்றதில்ல.

மறைக்கிற வேலைய உண்மையில செய்யுறது ஹோல்ஸ்டரும் பெல்ட்டும். அறநூறு டாலர் துப்பாக்கிக்கு குடுத்துட்டு இருபது டாலர் நைலான் உறையில சொருகிட்டுத் திரியுறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்குப் பதறும். துணி உறை துப்பாக்கிய எடுத்தவுடனே வாய மூடிக்கும், திரும்ப வைக்க துப்பாக்கி முனையாலயே அதைத் துழாவுவாங்க, துணி மடங்கி ட்ரிகர் மேல பட்டா கதை முடிஞ்சுது. கைடெக்ஸ்ங்கற கெட்டி ப்ளாஸ்டிக்ல அந்த மாடலுக்குன்னே அச்சு எடுத்தது வேணும், ட்ரிகர் முழுசா மூடியிருக்கணும், வெளிய க்ளான்னு ஒரு சின்ன கொக்கி இருந்தா அது பெல்ட்ல முட்டி பிடிய வயித்துப் பக்கமா திருப்பிவிடும், அதுலயே பாதி துருத்தல் போயிடும். கெட்டியான பெல்ட் இல்லன்னா எந்த ஹோல்ஸ்டரும் தொங்கும், நாள் முழுக்க பேன்ட்ட ஏத்தி ஏத்தி விட்டுக்கிட்டே இருப்பீங்க, அதைப் பாத்தாலே இடுப்புல என்னமோ இருக்குன்னு எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சுடும்.

வயித்துக்கு முன்னாடி பக்கிள் பக்கத்துல வைக்கிற அப்பென்டிக்ஸ் முறையிலதான் நான் வைக்கிறேன், குனிஞ்சாலும் தெரியாது, கூட்டத்துல கையால காபந்து பண்ணிக்கலாம். ஆனா அதுல முனை நம்ம தொடையப் பாத்துதான் இருக்கு, அங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுது. அதனால எடுக்குறதுலதான் வேகம், திரும்ப வைக்கிறதுல வேகமே கூடாது. இடது கையால சட்டைய நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கணும், விரல் ட்ரிகர்லேர்ந்து வெளிய ஸ்லைடு ஓரமா நீட்டியிருக்கணும், இடுப்ப கொஞ்சம் முன்னாடி தள்ளி, கண்ணால உறைக்குள்ள பாத்து, மெதுவா இறக்கணும். ஜாக்கெட் கயித்து நுனியில இருக்குற ப்ளாஸ்டிக் குமிழ் ட்ரிகர் கார்டுக்குள்ள போய் வெடிச்ச கதையெல்லாம் இங்க நடந்திருக்கு. க்ளாக்குக்கு தனியா சேஃப்டி பட்டன் கிடையாது, உறைதான் அதுக்கு சேஃப்டி.

சேம்பர்ல, அதாவது குழாயோட பின்பக்கம் தோட்டா வெடிக்கிற அறையில, ரவுண்டு வச்சு நடக்க பயமா இருக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி. தோட்டாவே வீட்டு வேற ரூம்ல இருக்கட்டும், காலியான துப்பாக்கியோட ஸ்லைடை இழுத்து விட்டு உறையில வச்சுக்கிட்டு வீட்டுல சமைங்க, கூட்டுங்க, சோஃபால படுங்க, ராத்திரி எடுத்துப் பாருங்க, ட்ரிகர் முன்னாடியேதான் இருக்கும், தானா ஒருநாளும் விழுந்திருக்காது. சில வாரம் இப்படி பண்ணா உறை மேல நம்பிக்கை வந்துடும், இடுப்பும் பழகிடும். இது பழகாம நேரா தோட்டாவோட வெளிய கிளம்பாதீங்க.

ஹூஸ்டன் வெயில்ல இன்னொரு தொல்லை வேர்வை. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் பனியன் நனைஞ்சுதான் இருக்கும், அந்த உப்பு சைட் ஸ்க்ரூவுல, மேகஸின் ஓரத்துல செம்பழுப்பா துரு ஏத்திடும். பனியன் நூல் பஞ்சு பின் சைட்டோட இடுக்குல, குழாய் வாய்ல, மேகஸின் மேல் ரவுண்டுல எல்லாம் சாம்பல் கலர்ல அடைஞ்சு கிடக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பிரிச்சு ஒரு பழைய டூத் ப்ரஷ்ல தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க அஞ்சு நிமிஷம்தான். இதைப் பண்ணாதவங்க துப்பாக்கி எல்லாம் ரேஞ்சுல மூணாவது ரவுண்டுல நிக்குது.

பெண்களுக்கு கடைக்காரங்க உடனே குட்டியா பிங்க் கலர்ல ஒண்ண எடுத்து நீட்டுவாங்க, எனக்கு அதுல கோவமே வரும். சின்ன துப்பாக்கியில ஸ்ப்ரிங் கெட்டியா இருக்கும், ஸ்லைடை இழுக்குறதே கஷ்டம். என் மனைவி மூணு நாலு குட்டி மாடல் இழுத்துப் பாத்து வேண்டாம்னு வச்சுட்டாங்க, அதைவிட பெருசான ஷீல்டு ஈஸி ஒரே இழுப்புல வந்துச்சு. அப்புறம் அவங்க இழுக்குற முறையையும் மாத்திக்கிட்டாங்க, துப்பாக்கிய நெஞ்சுக்குக் கிட்ட வச்சு இடது கை ஸ்லைட பிடிச்சுக்க வலது கையால முன்னாடி தள்ளுறது, இப்ப எந்த துப்பாக்கியும் அவங்களுக்கு பிரச்சினை இல்ல.

ஹேண்ட்பேக்ல வைக்கிறத மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. 2014 டிசம்பர் கடைசில ஐடஹோ மாநிலம் ஹேடன்ல ஒரு வால்மார்ட்ல ஷாப்பிங் கார்ட்ல உக்காந்திருந்த ரெண்டு வயசு குழந்தை அம்மாவோட பர்ஸுக்குள்ள கைவிட்டு சுட்டு அந்த அம்மா அங்கயே செத்துப் போனாங்க. துப்பாக்கி வைக்கன்னே ஜிப் பாக்கெட் வச்சு செஞ்ச பர்ஸ்தான் அது. உடம்புல இல்லாத துப்பாக்கி பூட்டுல இருக்கணும், நடுவுல வேற இடமே கிடையாது. வீட்டுல பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சா டெக்சாஸ்ல அது குற்றமும்கூட. கைரேகை பெட்டி ஈரக்கையில திறக்க அடம்பிடிக்கும், பட்டன் அமுக்குற மெக்கானிக்கல் பூட்டு உள்ளதா வாங்குங்க.

கார் விஷயமும் அப்படித்தான். 1991 அக்டோபர் 16-ஆம் தேதி கில்லீன் ஊர்ல லூபீஸ் சாப்பாட்டுக் கடைக்குள்ள ஒருத்தன் ட்ரக்க விட்டு மோதி உள்ள வந்து 23 பேரை சுட்டுக் கொன்னான். அன்னைக்கு அங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்த சுசானா ஹப் தன்னோட ரிவால்வர கார்ல விட்டுட்டு வந்திருந்தாங்க, மறைச்சு எடுத்துட்டுப் போக அப்ப சட்டத்துல இடமில்ல. கண்ணு முன்னாடி அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க ஊர் ஊரா போய் பேசுனதுக்கும் 1995-ல டெக்சாஸ்ல மறைச்சு எடுத்துட்டுப் போற லைசன்ஸ் சட்டம் வந்ததுக்கும் நேரடி தொடர்பு இருக்கு. சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னைக்கு எந்தத் தடையும் இல்லாத எடத்துலகூட இடுப்புல குத்துது, பெல்ட் இல்ல, வேர்க்குதுன்னு சொல்லி கார்லயே விட்டுட்டுப் போறாங்க. கார்ல வச்சது திருடன் கைக்குப் போகுது, டெக்சாஸ் நகரங்கள்ல திருட்டுப் போற துப்பாக்கியில பெரும்பங்கு காருங்கள்லேர்ந்துதான். பாருக்கோ, லைசன்ஸ் இருந்தாலும் மறைச்சு எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொல்ற 30.06 போர்டு மாட்டுன எடத்துக்கோ போறீங்கன்னா வீட்டுலயே பூட்டி வச்சுட்டுப் போங்க, கோயிலுக்கு வேட்டி கட்டிட்டுப் போறப்ப நானும் அதைத்தான் பண்றேன். வழியில அப்படி ஒரு எடம் வந்தே தீரும்னா சீட்டுக்கு அடியில கம்பி வயர்ல கட்டுன ஒரு சின்ன இரும்புப் பெட்டி போதும்.

லைசன்ஸ் டெஸ்ட் பாஸ் ஆயிட்டா போதும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு. டெக்சாஸ் டெஸ்ட்ல 50 ரவுண்டு, மூணு கஜத்துல 20, ஏழு கஜத்துல 20, பதினஞ்சு கஜத்துல 10, 250-க்கு 175 எடுத்தா பாஸ். நின்ன எடத்துல நின்னு, யாரும் துரத்தாம, உறையிலேர்ந்து எடுக்கக்கூட வேண்டாம். அதுல நல்ல மார்க் வாங்குனவரு சட்டைய தூக்கி எடுக்கச் சொன்னா துணியோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறத எங்க ரேஞ்சுல எத்தனையோ தடவை பாத்திருக்கேன். வீட்டுல காலி துப்பாக்கியோட சுவரைப் பாத்து தினம் பத்து நிமிஷம் எடுத்துப் பழகுனாலே போதும், காசும் செலவில்ல.

வாங்குறதுக்கு முன்னாடி ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாருங்க, நாலு மாடல், ஒவ்வொண்ணுலயும் ஒரு டப்பா. ஏழு கஜத்துல எது கிட்டக்கிட்ட விழுதோ அதை வாங்குங்க, எது அழகா இருக்குன்னு பாக்க வேண்டாம். பட்ஜெட்ல முந்நூறு டாலர் ஹோல்ஸ்டர், பெல்ட், பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துக்கு துப்பாக்கி பாருங்க. தற்காப்புக்கு போடுற, முனையில குழி இருக்குற ஹாலோ பாயின்ட் தோட்டாவ ஒரு ரெண்டு டப்பாவாவது உங்க துப்பாக்கியிலயே சுட்டு மாட்டாம ஓடுதான்னு பாத்துக்கங்க, விலை ஜாஸ்திதான். ஹூஸ்டன் பக்கம் இருக்குறவங்க, க்ரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருக்குறவங்க மட்டும், மெசேஜ் பண்ணுங்க. சனிக்கிழமை காலையில ரேஞ்ச் காலியாத்தான் இருக்கும், என் 43எக்ஸும் ஒரு நண்பரோட எல்சிபியும் அங்க இருக்கும், ரெண்டையும் அடுத்தடுத்து சுட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.