ரன்னிங் பேக்குகள் 26 வயதில் சரிவது ஏன்?

ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் ரசிகர்கள் வாயில் ஒரே பேச்சு: "அவன் கதை முடிஞ்சுது." இரண்டு வருடம் முன்பு லீக்கையே கலக்கிய ஒரு ரன்னிங் பேக்கை அவருடைய டீம் கழற்றிவிட்டிருக்கும். வயது 26, 27தான் இருக்கும். கையில் பணம் வந்ததும் உழைப்பு போய்விட்டது என்று ஒரு கூட்டம் பேசும், இந்தப் பொசிஷனுக்கே காசு கொடுக்கக் கூடாது என்று இன்னொரு கூட்டம் பேசும். இரண்டு பேச்சும் அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக: தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்தை வாங்கி எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். அப்படி ஒரு முறை ஓடுவது ஒரு கேரி. நான்கு வாய்ப்பில் பத்து யார்டு முன்னேறியாக வேண்டிய ஆட்டம் இது. கேரிக்குச் சராசரி நாலரை யார்டு எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். நாலுக்குக் கீழே இறங்கினால் விமர்சனம் கிளம்பிவிடும்.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ரன்னிங் பேக்கின் எடை பெரும்பாலும் 95 முதல் 105 கிலோவுக்குள் இருக்கும். எதிரே முன்வரிசையில் (இதுதான் லைன்) நிற்கும் லைன்மேன்கள் 130, 140 கிலோ. அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்து மோதும் லைன்பேக்கர்கள் 105, 110 கிலோ. ஒரு சீசனில் 300 கேரி என்றால் 300 முறைதான் அடி விழும் என்று கணக்குப் போடக் கூடாது. இடுப்பைப் பிடிப்பவர் ஒருவர், மேலே வந்து விழுபவர் இன்னொருவர், கடைசியில் தரை. இதுபோக குவார்ட்டர்பேக் எறியும் பாஸைப் பிடித்த பிறகு வாங்கும் அடி. குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற, பிளிட்ஸில் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்தக் கூடுதல் ஆட்களை அனுப்பும் தாக்குதலில்) பாய்ந்து வரும் லைன்பேக்கரை மார்பால் நிறுத்தும் வேலையும் இவருடையதுதான். அந்த மோதல் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஞாயிறு ஆடிவிட்டு வியாழக்கிழமை மறுபடி ஆட வேண்டிய வாரமும் சீசனில் வரும்.

இத்தனையிலும் முதலில் தேய்வது நேராக ஓடும் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் போவது காலை ஊன்றித் திரும்பும் திறன். லைனில் ஒரு சந்து திறந்தால் ஒரு நொடிகூடத் திறந்திருக்காது. முழு வேகத்தில் வருபவர் ஒரு காலை ஊன்றி, வேகத்தை அடக்கி, பக்கவாட்டில் உதைத்து அந்தச் சந்துக்குள் போக வேண்டும். உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு கணத்தில் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. தசையைப் பயிற்சியால் திரும்ப வளர்க்கலாம். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸின் உள்பகுதிக்கு ரத்த ஓட்டமே கிடையாது என்று சொல்லலாம். அது கிழிந்து வெட்டி எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அதன் பிறகு எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்பு நேரடியாகப் பாரம் தாங்கித் தேய ஆரம்பிக்கும். தேய்ந்த மூட்டு, ஆட்டம் முடிந்த மறுநாள் வீங்கும். மூட்டில் நீர் கோத்தால் தொடையின் முன்தசை முழுப் பலத்தோடு இயங்க மறுக்கும். அந்த வார இறுதியிலும் அவர் களமிறங்குவார். டிவியில் பார்க்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. எதிரணி லைன்பேக்கருக்குத் தெரியும்.

கணக்காகவே பாருங்கள். நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் சந்துக்குள் நுழைபவருக்குத் திரும்புவதில் 0.1 நொடி தாமதமானால் 60 சென்டிமீட்டர் இழப்பு. முன்பு விரல் நுனியால் ஜெர்சியைத் தொட்டுக் கோட்டைவிட்ட தடுப்பாளர் இப்போது இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துவிடுகிறார். முன்பு 45 யார்டு போன ஓட்டம் இப்போது ஐந்தில் நிற்கிறது. 300 கேரியில் 1,350 யார்டு எடுத்தவரின் சராசரி 4.5. அதில் 40 யார்டு ஓட்டங்கள் நான்கே நான்கு, ஐந்து யார்டில் நின்றுபோனால் மொத்தம் 1,210, சராசரி 4.03. மீதி 296 கேரியில் ஒரு அங்குலம்கூட மாறவில்லை! "அரை யார்டு விழுந்துவிட்டது, ஆள் காலி" என்று எழுதுகிறவர்கள் முதலில் நீண்ட ஓட்டங்களைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

டாட் கர்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே, 2014 நவம்பரில், இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அப்படியிருந்தும் 2015 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) பத்தாவது ஆளாக ராம்ஸ் டீம் எடுத்தது. 2017-ல் ஓடியும் பாஸ் பிடித்தும் மொத்தம் 2,093 யார்டு, சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 2018-ல் நான்கு ஆண்டு நீட்டிப்பு, 57.5 மில்லியன் டாலர். அந்த சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களில் முழங்கால் காரணமாக இறங்கவில்லை. லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் பத்து கேரி, 35 யார்டு. பிறகுதான் அந்த முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இருப்பது வெளியே பேசப்பட்டது. 2020 மார்ச்சில், நீட்டித்த நான்கு ஆண்டுகள் தொடங்கும் முன்பே, ராம்ஸ் அவரை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு சீசன் ஆடினார், அத்தோடு சரி. அப்போது வயது 26. உழைக்காமல் போனவர் என்று இவரைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதே 2018 டிசம்பரில் கர்லிக்குப் பதிலாக சி.ஜே. ஆண்டர்சனை ராம்ஸ் சேர்த்தது. அந்த ஆண்டு வேறு டீம்கள் கழற்றிவிட்ட ஆட்டக்காரர் அவர். வந்த வேகத்தில் இரண்டு ஆட்டங்களில் 167, 132 யார்டு. இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. ஓட்டத்தின் பெரும்பங்கு, ஓடுபவருக்கு முன்னால் வழி திறக்கும் சொந்த டீமின் ஐந்து லைன்மேன்களுடையது.

இதற்கு டிமார்கோ மரேயை விடத் தெளிவான சாட்சி கிடையாது. 2014-ல் டல்லாஸுக்காக 392 கேரி, 1,845 யார்டு. முன்னால் நின்று வழி திறந்தவர்கள் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஜாக் மார்ட்டின். மறு ஆண்டு பிலடெல்ஃபியாவுக்குப் போனார். 193 கேரி, 702 யார்டு, சராசரி 3.6. அதிகம் ஓடவைத்ததால் காலியாகிவிட்டார் என்று எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். டல்லாஸில் அவர் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஆழத்தில் நின்று, வேகமெடுத்துக்கொண்டே பந்தை வாங்கி, லைனைப் படித்து எந்தச் சந்துக்குள் புகுவது என்று தேர்ந்தெடுத்தவர். பிலடெல்ஃபியாவின் ஆட்டமுறையில் குவார்ட்டர்பேக் ஷாட்கன்னில், அதாவது லைனிலிருந்து சில யார்டு பின்னால் தள்ளி, நிற்பார். மரே பக்கத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து பந்தை வாங்கி, அதற்குப் பிறகு வேகமெடுக்க வேண்டும். அவருடைய பலமே பறிபோனது. அதே 2015-ல் டல்லாஸில் அவர் விட்டுப்போன இடத்தில் டேரன் மெக்ஃபாடன் 1,089 யார்டு ஓடினார். அவரையும் பல வருடம் முன்பே முடிந்தவர் என்று சொல்லியிருந்தார்கள். 2016-ல் டென்னசிக்கு மாறிய மரே 1,287 யார்டு எடுத்தார். உடம்பு உண்மையில் கைவிட்டது 2017-ல். 30 வயதில் ஓய்வு அறிவித்தார்.

சியாட்டிலின் ஷான் அலெக்சாண்டரிடம் இரண்டு காரணமும் ஒன்றாகச் சேர்ந்தன. 2005-ல் 370 கேரி, 1,880 யார்டு, எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது. அடுத்த வசந்தத்தில் அவருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம். அதே வசந்தத்தில் அவருக்கு வழி திறந்த, லைனின் இடதுபுற கார்டு ஸ்டீவ் ஹட்சின்சன் மின்னசோட்டாவுக்குப் போய்விட்டார். 2006 சீசன் தொடங்கிச் சில வாரங்களில் அலெக்சாண்டரின் பாத எலும்பு உடைந்தது. சராசரி 3.6-க்கு விழுந்தது. எலும்பு எவ்வளவு, ஹட்சின்சன் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழி முழுவதும் அலெக்சாண்டர் தலையில் விழுந்தது.

இந்த 370 என்ற எண்ணை ஒரு சாபம்போலச் சொல்லும் பழக்கம் உண்டு: ஒரு சீசனில் 370 கேரியைத் தொட்டவர் அடுத்த ஆண்டு சரிவார் என்று. 1998-ல் 410 கேரி ஓடிய ஜமால் ஆண்டர்சனுக்கும், 392 ஓடிய டெரல் டேவிஸுக்கும் 1999-ல் ஏசிஎல் கிழிந்தது. 2006-ல் 416 கேரி என்ற சாதனை வைத்த லாரி ஜான்சன் அடுத்த ஆண்டு எட்டு ஆட்டத்தோடு நின்றார். பயம் நியாயம்தான். ஆனால் 390 கேரிக்கு அடுத்த ஆண்டே, 1984-ல், எரிக் டிக்கர்சன் 2,105 யார்டு ஓடினார். அந்தச் சாதனை அதன் பிறகு நாற்பது சீசன் ஆகியும் உடையவில்லை. 370-ஐத் தொட ஒரு சீசன் முழுக்கக் காயமின்றி, நல்ல லைனுக்குப் பின்னால், முன்னிலையில் இருக்கும் டீமில் ஆட வேண்டும். எல்லாம் ஒருசேரக் கூடிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு சற்றுத் தாழத்தான் செய்யும். தேய்மானம் 369-ல் இல்லாமல் 370-ல் திடீரென்று தொடங்குவதில்லை.

தேய்மானம் கூடிக்கொண்டே போகிற ஒன்று என்பதற்கு டெரிக் ஹென்றியைப் பாருங்கள். முதல் இரண்டு சீசன் அவர் மேலே சொன்ன மரேக்குப் பின்னால் காத்திருந்தார்: 110 கேரி, 176 கேரி. 2020-ல் 2,027 யார்டு, 2021-ல் எட்டாவது ஆட்டத்தில் பாத எலும்பு முறிவு. எலும்பு கூடியது, மூட்டு அதிகம் கெடவில்லை. 2024-ல் 30 வயதில் பால்டிமோருக்காக 1,921 யார்டு ஓடினார். எலும்பு முறிவையும் குருத்தெலும்புத் தேய்மானத்தையும் ஒரே பெட்டியில் போட்டு 'காயம்' என்று எழுதுவதால்தான் பாதிக் கணிப்புகள் பொய்யாகின்றன.

என்னை அதிகம் கோபப்படுத்துவது ஒப்பந்த முறை. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் ஒருவர் டிராஃப்டுக்குள் வர முடியும். அந்த மூன்று ஆண்டும் கல்லூரி அவரை ஓடவைக்கும். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டான ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய முன்பே நிர்ணயமானது. முதல் சுற்று ஆட்டக்காரர் என்றால் டீம் ஐந்தாவது ஆண்டையும் பிடித்துக்கொள்ளலாம். மூன்று சீசன் முடியாமல் புது ஒப்பந்தம் பேசவே முடியாது. அதற்கும் பிறகு ஃபிரான்சைஸ் டேக் என்று, அந்தப் பொசிஷனுக்கு நிர்ணயித்த ஓராண்டுச் சம்பளத்தைக் கொடுத்து, வேறு டீமுக்குப் போகவிடாமல் இன்னொரு ஆண்டு கட்டிவைக்கலாம். ஆக மிக வேகமான, மிக அதிகம் அடி வாங்கும் 21 முதல் 25 வயது வரையிலான ஆண்டுகள் குறைந்த விலைக்குப் போகின்றன. முழுச் சந்தைக்கு அவர் வரும்போது மூட்டின் நல்ல காலம் கழிந்திருக்கும். 2023-ல் ரன்னிங் பேக் டேக் சுமார் 10.1 மில்லியன் டாலர், பந்து பிடிக்கும் ரிசீவருக்கு சுமார் 19.7 மில்லியன். முந்தைய சீசனில் 1,653 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்த ஜாஷ் ஜேக்கப்ஸ் மீதும் விழுந்தது அந்த டேக்தான்.

எதிர்த்துப் பார்த்தவர் பிட்ஸ்பர்க்கின் லீவியான் பெல். 2017-ல் கேரியும் பாஸும் சேர்த்து 406 முறை பந்தைத் தொட்டார். 2018-ல் 14.5 மில்லியன் டேக்கை மறுத்து ஒரு சீசன் முழுக்க வெளியே இருந்தார். 2019-ல் நியூயார்க் ஜெட்ஸில் சராசரி 3.2. பொறுமையாக நின்று, லைன் வழி திறந்தபின் புகும் அவருடைய பாணிக்குப் பிட்ஸ்பர்க்கின் லைன் தேவைப்பட்டது. ஜெட்ஸிடம் அது இல்லை. பெல்லின் தோல்வியைக் காட்டியே அதன்பின் வந்தவர்களை மிரட்டினார்கள்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் கணக்கு வைப்பதுபோல இவர்களுக்கும் வாரக் கணக்கு வேண்டும், அதில் பிளிட்ஸ் தடுப்பு மோதல்களும் சேர வேண்டும். 2023-ல் டெட்ராய்ட் இரண்டு ரன்னிங் பேக்குகளுக்குப் பாரத்தைப் பிரித்தது: மான்ட்கோமரி 219 கேரியில் 1,015 யார்டு, கிப்ஸ் 182 கேரியில் 945. இருவருமே அடுத்த ஆண்டுக்குக் கால் மிச்சம் வைத்துக்கொண்டார்கள். இருபது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது நான்காவது குவார்ட்டரில் முதல் ஆளை உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் புது விதி தேவையில்லை.

ஆட்டக்காரர் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டியது ஒன்றுதான். ரன்னிங் பேக்குக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டாக வேண்டும். அல்லது முதல் இரண்டு சீசனில் 500 கேரியைத் தாண்டியவர் உடனே புது ஒப்பந்தம் பேசலாம் என்றாவது விதி வர வேண்டும். ஐந்தாவது ஆண்டு உரிமையும் டேக்கும் ஒரே ஆள்மீது அடுத்தடுத்து விழக் கூடாது. மற்ற பொசிஷன்காரர்கள் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் மொத்தச் சம்பளத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, ஒருவருக்குக் கூடுவது இன்னொருவரிடமிருந்துதான் வரும். அந்தச் சண்டையைச் சங்கத்துக்குள் போட்டுத்தான் ஆக வேண்டும்.