ஓட்டிஸ் வராத வருடம்
நேரலைக் கேமராவில் விலங்கு பார்ப்பவர்களின் நட்பு திரையை அணைத்ததும் கலைந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில், புரூக்ஸ் அருவிக்கு வரும் கரடிகளைச் சில வருடங்களாக அப்படி நேரலையில் பார்க்கிறேன். அம்மாவோடு நான் மருத்துவமனையில் கிடந்த இரண்டு வாரமும், அங்கே பழக்கமான, முகம்கூடத் தெரியாத ஒரு அக்கா தினமும் எழுதி அனுப்பினார்: எந்தக் கரடி வந்தது, எத்தனை சால்மன் மீன் பிடித்தது, யார் யாரை விரட்டியது என்று. குளிர்காலத்துக்கு முன் நன்றாகக் கொழுத்த கரடிக்கு இணைய வாக்கெடுப்பில் தரும் ‘குண்டுக் கரடி’ பட்டத்தை நான்கு முறை வென்ற கிழவன் ஓட்டிஸ் 2024இல் வரவேயில்லை. அந்தத் தொங்கிய வலது காது எங்காவது தெரிகிறதா என்று முறை வைத்து விழித்திருந்தோம். அப்புறம், உங்களுக்குள் சண்டையே வராதா என்று அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வராமல் என்ன? நனைந்து நிற்கும் கரடி எது என்று அடையாளம் சொல்லப்போய் இரண்டு நாள் பேசாமலே இருந்திருக்கிறோம்.