குனிந்து பேச வேண்டிய ஜன்னல்

போன மாதம் அக்கா மகளுக்கு புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) வாங்க, அவள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். நான்கு மாடி, முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, துணைவேந்தர் கார் வெயில் படாமல் நிற்க அகலமான போர்டிகோ. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்கான இடம் பின்பக்கம். தகர ஷீட் இறக்கிய சார்ப்பு, கம்பி போட்ட ஜன்னல், அதில் ஒரு ஓட்டை. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக வைத்திருக்கிறார்கள். வெளியே நிற்பவருக்கு அது இடுப்புக்குச் சற்று மேலே. வரிசையில் வந்த ஒவ்வொருவரும் குனிந்து, தலையைச் சாய்த்து, ஓட்டைக்குள் பதிவு எண்ணைச் சொன்னார்கள். "என்ன மாமா, எல்லாரும் கும்பிடுற மாதிரியே இருக்கு" என்றாள் அவள்.

கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன் நான். இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எலிவேஷனை, அதாவது முகப்புத் தோற்றத்தை மட்டும் பத்து முறை மாற்றச் சொல்வார்கள். குவிமாடம் வை, எடு, கண்ணாடி போடு. பின்பக்க ஜன்னலைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேச்சு வராது. அதன் உயரத்தைக் கடைசியில் கொத்தனார்தான் முடிவு செய்வார். நானும் அப்படி விட்டிருக்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவே இல்லை. கல்லூரிகள் நடத்தின. தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் அதன் வேலை. அதாவது, பல்கலைக்கழகம் என்பதே ஒரு நிர்வாக அலுவலகம்தான். அந்த அலுவலகத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வரைந்து, 1874 முதல் 1879 வரை கட்டியதுதான் கடற்கரையோரம் நிற்கும் செனட் ஹவுஸ். பக்கத்துச் சேப்பாக்கம் அரண்மனையின் சாயலை எடுத்துக்கொண்டு, பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசின்) கட்டடக்கலையையும் கொஞ்சம் கலந்தார். நான்கு மூலையிலும் குவிமாடம் வைத்த கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி, நடுவில் பிரம்மாண்டமான மண்டபம். 1937இல் சட்டமன்றமே சில மாதம் அங்கேதான் கூடியது. அப்புறம் பல ஆண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பிக்கப்பட்டது.

அது வெள்ளைக்காரனின் பெருமைக்குக் கட்டியதுதானே என்பீர்கள். ஆமாம். ஆளுநர் அமர்ந்து பட்டம் வழங்குவதற்கான அரங்கு அது, மாணவன் வசதி அவர்கள் மனதில் எவ்வளவு இருந்ததோ. ஆனாலும் மண்டபத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் தூண் வரிசையோடு வராந்தா இருக்கிறது. மெட்ராஸ் வெயிலைத் தெரிந்த ஆள் போட்ட வராந்தா. காத்திருப்பவன் நிழலில் நிற்கலாம். மேற்கு வெயிலுக்கு நேராக மூடிய கண்ணாடியை மாட்டிவிட்டு, அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி மேல் ஏசி போடும் நம் வழக்கத்துக்கு சிஷோம் எவ்வளவோ தேவலை.

வெளியூர்க் கல்லூரியில் படிப்பவர்களுக்கு 1857இன் நிலைதான் இன்றும். மூன்று வருடம் படித்தும் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். கடைசியில் சான்றிதழுக்கு ஒரு நாள், பஸ் பிடித்து, செலானும் ஜெராக்ஸுமாக வருவார்கள். அவர்கள் பார்க்கும் பல்கலைக்கழகம் அந்த ஜன்னல் மட்டும்தான். நூலகமும் மரங்களும் வேறு யாருக்கோ.

மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் (நம் துணைவேந்தர் மாதிரி) கட்டடத்தைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரும். 1950களில் எழுந்த அடுக்குமாடி அது. மாரியோ பானி, என்ரிக்கே தெல் மொரால், சால்வதோர் ஒர்த்தேகா மூவரும் வடிவமைத்தது. அதன் சுவரில் அந்நாட்டு ஓவியர் சிகேரோஸ் சிற்பமும் ஓவியமுமாகப் புடைப்பாகச் செய்த வேலையில் மாணவர்கள் கைகளை நீட்டி நிற்கிறார்கள். மக்கள் பல்கலைக்கழகத்துக்கு, பல்கலைக்கழகம் மக்களுக்கு என்பது அதன் தலைப்பு. இன்னொரு சுவரில் அந்த நாட்டு வரலாற்றின் ஆண்டுகளை வரிசையாக எழுதி, கடைசியில் 19 போட்டு இரண்டு கேள்விக்குறி வைத்திருக்கிறார். அடுத்த புரட்சிக்கு இடம் விட்டிருக்கிறாராம்! நிர்வாகக் கட்டடத்தில் இதை எழுத விட்ட நிர்வாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கும் சான்றிதழுக்கு வரிசை இருக்கும், பைலும் தூங்கும், அது வேறு விஷயம்.

நமக்குச் சுவரோவியம்கூட வேண்டாம். தரைத்தளத்தில், முன்பக்கத்தில் கவுன்ட்டர். நின்றுகொண்டே கண்ணைப் பார்த்துப் பேசும் உயரம், அதில் ஓரிடத்தை மட்டும் சக்கர நாற்காலிக்கு ஏற்பத் தாழ்த்தலாம். உள்ளே இருப்பவருக்கு உயரமான நாற்காலியோ ஓரடி மேடையோ போட்டால் முடிந்தது. உட்கார நாலு பெஞ்சு, தண்ணீர், பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை. முன்பக்கப் படிகளுக்குப் போட்ட கிரானைட் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அன்று மதியம் கால் வலித்து அந்த கிரானைட் படியில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் வந்து, "வண்டி வர்ற நேரம், எந்திரிங்க சார்" என்றார். கேட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஸ்டூல் போட்டார்.

உங்கள் பல்கலைக்கழகத்து ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது? அடுத்த முறை போகிறவர்கள் டேப் கொண்டுபோய் அளந்து கமென்டில் போடுங்கள். நான் பார்த்தது 3 அடி 4 அங்குலம்.