டிரெய்னிங் பசங்க தனியா மருந்து கொடுக்கலாமா?

"டி.ஃபார்ம் (பார்மசி டிப்ளமோ) ரெண்டாம் வருஷம் முடிச்சவன் தனியா கடையைப் பார்த்துக்கலாம், சுவரில் ஓனரோட சர்டிஃபிகேட் தொங்கினா போதும்"னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். தப்புங்க. 1948 பார்மசி சட்டம் 42ஆம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். மாணவன் கொடுத்தால் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான். சர்டிஃபிகேட் மேற்பார்வை பார்க்காது!

டி.ஃபார்ம் மாணவன் செய்ய வேண்டிய 500 மணி நேரப் பயிற்சியில் பாதியாவது சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதில் போகணும் என்பது உண்மைதான். அதைத்தான் அவர் குழப்பிக்கொண்டார்னு நினைக்கிறேன்.

என் டிரெய்னிங்கில் ஒருநாள் 'மெட்' வரை மட்டும் புரிகிற கிறுக்கல் சீட்டு. நான் மெட்ரோனிடசோலை (கிருமித் தொற்றுக்கான மாத்திரை) எடுத்து வைத்துவிட்டேன். கடை பார்மசிஸ்ட் சார் சீட்டைத் திரும்பப் பார்த்து, "ஒரு மாசத்துக்கு அறுபது மாத்திரைன்னு இருக்கே, இது சுகர் மாத்திரைப்பா"ன்னார். மெட்ஃபார்மின்! அவர் அன்று டீ குடிக்கப் போயிருந்தால்?

அட்டவணை எச்1 (கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் அரசுப் பட்டியல்) மருந்தென்றால் டாக்டர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூணு வருஷம் வைத்திருக்கணும். இதையெல்லாம் பயிற்சி மாணவன் தலையில் கட்டுற ஓனர்கள் இருக்காங்க, அது வேற கதை.