மருமகனின் பட்டியல்

அக்காவின் மகன் கொமர்ஸ் படித்தவன். ஏ.எல் (உயர்தரம்) ரிசல்ட் வந்து, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியும் கையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் விரித்தான். “மாமா, எனக்கு பிஸ்னஸும் பிடிக்கும், கொம்பியூட்டரும் பிடிக்கும். எங்க போடலாம்?”

நல்ல கேள்வி. ஆனால் அவன் எழுதிக் கொண்டுவந்த பட்டியலுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது கொழும்பு, பிறகு ஜயவர்தனபுர, பிறகு களனி, கடைசியில் யாழ்ப்பாணம். நான்கும் வெறும் முகாமைத்துவம். ரியூசன் சேர் சொன்ன ஒழுங்காம். போதாததற்கு லண்டன் சித்தப்பா வட்ஸ்அப்பில், “யாழ்ப்பாணம் போடாதே, ஊருக்குள்ளேயே கிடப்பாய்” என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அவர் ஊரை விட்டுப் போய் முப்பது வருசம்.

என் தொழிலை வைத்துத்தான் இதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் பொருத்திக் கொடுக்கிறவன் நான். இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பில் போடும் முறை செய்தோம். எழுதின தம்பி கெட்டிக்காரன், கணினி விஞ்ஞானம் படித்தவன். பார்கோட், இருப்பு எல்லாம் பிசகில்லாமல் வேலை செய்தது. மூன்றாம் நாள் முதலாளி போன் எடுத்துக் கத்துகிறார். என்ன பிரச்சினை? சீமெந்து எடுத்துப் போகிறவர் மேசன். காசு கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அவரும் மொத்தமாய்க் கட்டமாட்டார்; வெளிநாட்டிலிருந்து காசு வர வரக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டுவார். மிஞ்சின கம்பியை மேசன் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார், அதற்கும் கழிக்க வேண்டும். இவ்வளவும் முதலாளியின் கடன் கொப்பியில் ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தது. எங்கள் மென்பொருளிலோ ஒரு பில்லுக்கு ஒரு பெயர், ஒரு கொடுப்பனவு. அவ்வளவுதான்.

சரி, கணக்கியல் படித்த பிள்ளையை அனுப்பிப் பார்த்தோம். அவளுக்குக் கொப்பி பார்த்தவுடனே விளங்கிவிட்டது. ஆனால் அதை எங்கள் தம்பிக்கு தரவுத்தளத்தில் எந்த அட்டவணை, எந்தத் தொடர்பு என்று எழுதிக் கொடுக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் பட்டதாரிகள். நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒருவர் இல்லாமல் இரண்டு கிழமை போனது. அந்த நடுவில் நிற்கிற ஆளாக வரத்தான் என் மருமகன் ஆசைப்படுகிறான், அவனுக்கே அது தெரியாவிட்டாலும்.

அப்படிப் படிப்பதற்கு நாட்டில் வழியில்லை என்றில்லை. கைநூலைப் பொறுமையாய்ப் புரட்டினால் தெரியும். களனியில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் என்று ஒரு பட்டம். அது இருப்பது விஞ்ஞான பீடத்தின் கைத்தொழில் முகாமைத்துவத் துறையில். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அதே பெயரில் பட்டம் உண்டு, ஆனால் அங்கே அது முகாமைத்துவ, வர்த்தக பீடத்துக்குள். பெயர் ஒன்று, வீடு வேறு. உள்ளே படிப்பிக்கிறதும் வேறாகத்தான் இருக்கும். ஜயவர்தனபுரவில் முகாமைத்துவ பீடத்துக்குள்ளேயே வணிகத் தகவல் முறைமை தனிப் படிப்பாக இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் தகவல் முறைமைகள். மொறட்டுவை என்றால் எஞ்சினியர் என்றே நம் சனம் நினைக்கும். அங்கே ஒரு வணிக பீடமும் இருப்பதை மருமகன் அன்றுதான் கேள்விப்பட்டான். எந்தப் பாடம் எடுத்தவருக்கு எது திறந்திருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். கைநூலில் அந்தப் பக்கத்தை நீங்களே வரி வரியாக வாசியுங்கள். சேருக்கு நினைவிருப்பது அவருடைய பழைய மாணவர்களின் கதை.

பிறகு ஒழுங்கு. படிப்பும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு சோடிக்கும் ஒரு யூனிகோட் உண்டு (தமிழ் எழுத்துரு யூனிகோட் இல்லை, இது வேறு). அந்த யூனிகோடுகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். “மாமா, மேலே உள்ளது கிடைக்காட்டி கீழே உள்ளதும் போயிடுமோ?” என்று பயந்தான். போகாது. உன் புள்ளி எட்டுகிற தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதைத் தருவார்கள். ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் எழுது. போன வருசத்து யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியை (இடம் கிடைத்த கடைசி ஆளின் புள்ளி) பார்த்துப் பயந்து நல்லதைக் கீழே தள்ளினால், கிடைத்திருக்கக்கூடியதையும் நீயே விட்டுவிடுகிறாய். பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் வேறு மாவட்டத்துச் சொந்தக்காரப் பிள்ளையின் புள்ளியை வைத்து உன்னை அளக்கவும் கூடாது.

யாழ்ப்பாணம் கடைசித் தெரிவா? எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் இங்கே திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில்தான் முகாமைத்துவம் படித்தவன், ஒன்றும் குறைந்துபோகவில்லை. குறை என்றால், வேலைக்குப் போன முதல் மாதம் எக்செல்லில் இரண்டு பட்டியலை ஒப்பிடத் தெரியாமல் முழித்தேன். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் பதிந்து, வேலை முடிந்து வந்து இரவிரவாய்ப் படித்தேன். களைத்துப் போனேன், ஆனால் வீட்டுச் சாப்பாடு. கொழும்பு வெள்ளவத்தையில் அறை வாடகை கொடுக்க அப்பாவிடம் காசும் இருக்கவில்லை. பம்பைமடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே வணிகக் கற்கைகள் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் ஒரே இடத்தில். இதையும் யாரும் இவனுக்குச் சொல்லவில்லை. கொழும்பில் படித்தால் கடைசி வருசப் பயிற்சிக்குப் பெரிய கொம்பனிகள் பக்கத்தில், அது உண்மை. அந்த ஒன்றுக்காகக் கொழும்பை மேலே போடலாம், சித்தப்பாவுக்காக வேண்டாம்.

தனியார் நிறுவனம் என்றால் ஒரு கேள்விதான்: பட்டம் தருவது யார்? என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி இரண்டு வருசம் காசு கட்டினாள். சேரும்போது காட்டிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், கடைசியில் கையில் வந்த சான்றிதழில் இல்லை. அது ஒரு டிப்ளோமா. இலங்கையில் தனியார் நிறுவனம் ஒன்று சொந்தமாகப் பட்டம் கொடுப்பதானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் வேண்டும். அந்தப் பட்டம், அந்த நிறுவனம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “எல்லாம் அப்ரூவ்ட் தான் அண்ணை” என்றால் எழும்பி வாருங்கள்.

பட்டியலை அவன் திரும்ப எழுதியிருக்கிறான். இந்த முறை ஒவ்வொரு யூனிகோடுக்குப் பக்கத்திலும் மூன்றாம் வருசப் பாடங்கள் என்ன, பயிற்சி எத்தனை மாதம் என்று அந்தந்த இணையத்தளத்தில் தேடிக் குறித்திருக்கிறான். இரண்டு இடத்தில் கேள்விக்குறி. அந்தப் பீடங்களில் படிக்கிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேட்கச் சொன்னேன். வருகிற சனிக்கிழமை அந்த ஹாட்வெயார் கடைக்கும் கூட்டிப் போகிறேன். முதலாளி கடன் கொப்பியைக் காட்டச் சம்மதித்துவிட்டார். போனில் படம் மட்டும் எடுக்கக் கூடாதாம்.